நாலு விரற்கடை உயரம்

கிட்வாய் நகர், புது டில்லி
12-2-1983

அண்ணா,

நீ போட்ட கார்டு நேற்று வந்தது. நம் குடிசை வரிசைக்குள் தபால்காரர் வருவதில்லை என்பதால் பாலசுப்ரமணியம் ஐயா குவார்ட்டர்ஸ் முகவரிக்கு எழுதியது நல்லதாயிற்று. ஆனால் நான் அங்கே பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தபோது சந்திரம்மாள் அம்மா கார்டை நீட்டி, "உங்க அண்ணன் எழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கே, உனக்காவது புரியுதா?" என்று கேட்டார். அவர் படித்துவிட்டார் என்று தெரிந்ததும் எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. இனிமேல் கவரில் எழுது.

முதல் எல்லையிலேயே வண்டியை நிறுத்திவிட்டார்கள், டயர் பெரிது, உயரம் அதிகம் என்கிறார்கள் என்று எழுதியிருக்கிறாய். அது எப்படி? டில்லியில் அதே வண்டிதானே ஓடியது? மிலிட்டரி ஏலத்தில் எடுத்த வண்டி என்றால் அப்படித்தான் இருக்கும். ஸ்டேடியம் கட்டின குழியில் மற்ற லாரிகள் சேற்றில் உட்கார்ந்துவிடும், நம் வண்டி மட்டும்தான் மண்ணோடு மேலே ஏறி வரும் என்று நீயே சொல்வாய். அடியில் கூடுதலாகக் கமானிப் பட்டை வைத்து இன்னும் தூக்கினாய். அதையும் மறைக்கவில்லையே. டில்லி ஆபீசில் பிரேக் இன்ஸ்பெக்டர் அளந்து பார்த்து, டயர் அளவையும் உயரத்தையும் ஆர்.சி. புத்தகத்தில் எழுதி முத்திரை போட்டுத்தானே கொடுத்தார். நான்தான் உன்னோடு வந்து இந்தியில் பேசினேன். அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டு. அரசாங்க முத்திரையைப் பார்த்தால் விட்டுவிடுவார்கள்.

அம்மாவுக்கு இருமல் குறையவில்லை. கல்லுடைத்த தூசி நெஞ்சில் படிந்துவிட்டது, வெயில் காலப் புழுதிக்காற்று ஆரம்பிப்பதற்குள் ஊருக்குக் கூட்டிப் போய்விடுங்கள் என்று டாக்டர் சொன்னதை நீ மறந்திருக்க மாட்டாய். அம்மா இப்போதே சட்டி பானையை மூட்டை கட்டிவிட்டது. சமைக்கும்போது அவிழ்க்கிறேன், சமைத்ததும் அதுவே மறுபடி கட்டிவிடுகிறது. "ஏம் புள்ள, வண்டி இந்நேரம் எங்க போயிருக்கும்?" என்று சாயங்காலமானால் கேட்கிறது. ஆக்ரா தாண்டிவிட்டது என்று சொல்லியிருக்கிறேன்.

நீ சேலம் போய், வண்டியை அங்கே பதிந்து, வெள்ளைக்கல் லோடு பேசி, ஒரு வீடும் பார்த்துவிட்டு வந்து எங்களைக் கூட்டிப் போவதாகச் சொன்னாய். பங்குனிக்குள் முடியும் என்றாய். முடியும்தானே?

அருக்காணி

*

நாக்பூர் ரோடு, சர்தார்ஜி ஓட்டல்
22-2-1983

அருக்காணிக் கண்ணுக்கு,

கவரிலேயே எழுதுகிறேன். கோழி இந்த முறை கொஞ்சம் நிதானமாகக் கிளறியிருக்கிறது.

முதல் எல்லையில் ஒரு கம்பு நட்டு அதில் சிவப்புக் கோடு போட்டிருக்கிறார்கள். வண்டி அந்தக் கோட்டுக்குள் நிற்க வேண்டும். நம் வண்டி கோட்டுக்கு மேலே நாலு விரற்கடை. அங்கிருந்த ஆள் சுற்றிச் சுற்றி வந்தான். "பையா, யே டிரக் ஹை கி ஊண்ட் ஹை?" என்றான். லாரியா ஒட்டகமா என்று கேட்கிறான். வரிசையில் நின்ற டிரைவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்தால் விடுவான் என்று நினைத்தேன்.

நீ சொன்னபடி புத்தகத்தைத் திறந்து காட்டினேன். அவர்கள் இன்ஸ்பெக்டர் படித்துப் பார்த்து, "இது டில்லி ரூல். டில்லியில் ஓட்டு. இங்கே எங்க ரூல்" என்றார். ஒவ்வொரு ராஜ்யத்துக்கும் ஒரு ரூல் புத்தகம் இருக்கிறதாம் கண்ணு. ரோடு ஒன்று, தார் ஒன்று, கோடு மட்டும் வேறே.

அங்கே ஒரு மெக்கானிக் பெரிய டயர்களை எடுத்துக்கொண்டு பழைய சின்ன டயர்களை மாற்றிக் கொடுத்தான். வண்டி கோட்டுக்குள் வந்தது. விட்டார்கள். நானும் பாட்டுப் பாடிக்கொண்டு வந்தேன்.

நடுவில் இருந்த எல்லைகளில் யாரும் நிறுத்தவில்லை. இப்போது நிற்பது நாக்பூருக்குப் பக்கத்து எல்லை. இங்கே உயரத்தைப் பற்றிப் பேச்சே இல்லை. இந்த இன்ஸ்பெக்டர் முதலில் புத்தகத்தைத்தான் கேட்டார். டயர் அளவைப் படித்தார், குனிந்து டயரைப் பார்த்தார், மறுபடி புத்தகத்தைப் பார்த்தார். "இது அந்த வண்டியே இல்லையே" என்றார். எங்கே திருடினாய் என்று கேட்காமல் கேட்கிறார். எல்லையில் மாற்றச் சொன்னார்கள் சாப் என்றால், மாற்றினது புத்தகத்தில் ஏறியிருக்க வேண்டுமாம். ஏற்ற வேண்டியது டில்லி ஆபீசாம்.

அதனால் நீ ஒன்று செய். பாலசுப்ரமணியம் ஐயா சென்ட்ரல் கவர்மெண்டில் இருப்பவர். அவரிடம் சொல்லி டில்லி ஆபீசில் டயர் மாற்றத்தைப் பதிந்து ஒரு காகிதம் வாங்கி அனுப்பு. ஜல்தி. அம்மாவிடம் நாக்பூர் வந்துவிட்டேன் என்று சொல். அது பொய் இல்லை.

அண்ணன் பச்சைமுத்து

*

புது டில்லி
6-3-1983

அண்ணா,

நான் இன்னும் கேட்கவில்லை. கோபித்துக்கொள்ளாதே.

கேட்க வேண்டும் என்று தினமும் நினைத்துக்கொண்டுதான் போகிறேன். ஐயா ஆபீசுக்குக் கிளம்பும் முன் முன்னறையில் பேப்பர் படிப்பார். நான் அப்போது அந்த அறையைப் பெருக்க வேண்டும். முந்தாநாள் அவர் நாற்காலியைச் சுற்றியே பெருக்கிக்கொண்டிருந்தேன். வாயில் வார்த்தை வந்துவிட்டது. அதற்குள் சந்திரம்மாள் அம்மா உள்ளேயிருந்து எட்டிப் பார்த்து, "ஏண்டி, பெருக்கறியா, கிணறு தோண்டறியா? ஒரே இடத்துல எவ்வளவு நேரம்?" என்றார். ஐயா பேப்பரைத் தாழ்த்தி என்னைப் பார்த்தார். நான் முறத்தை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டேன்.

உனக்கு இது சிரிப்பாக இருக்கும். ஜனக்புரிப் பள்ளிக்கூடத்தில் ஏழாவது படித்தபோது டீச்சர் வருகைப் பதிவுக்குப் பெயர் கூப்பிட்டால்கூட எனக்குக் குரல் வராது. பக்கத்துப் பெண் கையைத் தூக்கி "இருக்கா டீச்சர்" என்பாள். அம்மாவுக்கு முடியாமல் போய் என்னை நிறுத்தியபோது அழுதேன் என்று நீ நினைத்தாய். பாதி நிம்மதி. ஆர்.டி.ஓ. ஆபீசில் நான் பேசினது நீ பக்கத்தில் நின்றதால்தான்.

அம்மா இப்போது உட்கார்ந்தபடியேதான் தூங்குகிறது. படுத்தால் மூச்சு அடைக்கிறது. சேலத்துக்குப் போனால் படுக்கலாம் என்று சொல்கிறது. நாளைக்குக் கட்டாயம் கேட்கிறேன்.

அருக்காணி

*

நாக்பூர் ரோடு
17-3-1983

அருக்காணிக்கு,

நாளைக்கு என்று எழுதி எத்தனை நாளாயிற்று? நான் தினமும் சர்தார்ஜியிடம் தபால் வந்ததா என்று கேட்கிறேன். அவர் என்னைக் கண்டாலே கையை விரிக்கிறார்.

இங்கே நிற்கிற டிரைவர்களிடம் கதையைச் சொன்னேன். பஞ்சாப்காரன் ஒருவன் தன் புத்தகத்தை எடுத்துக் காட்டினான். டயர் அளவு எழுத வேண்டிய இடம் காலி. "எழுதாமல் விட்டால் எவன் ஒப்பிட்டுப் பார்ப்பான்? எந்தப் புத்திசாலி எழுத வைத்தான்?" என்று கேட்டான். என் தங்கச்சி என்றேன். விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

அந்த நாள் எனக்கு நினைவிருக்கிறது. அந்த ஆபீசர் மேலே வண்டி எண்ணை மட்டும் சரிபார்த்துவிட்டு முத்திரை போடப் போனார். நீதான், "சாப், டயர் படா ஹை, கமானியும் கூட வெச்சிருக்கு, அதையும் எழுதுங்க" என்றாய். எழுதிவிட்டால் யாருக்கும் பயப்பட வேண்டாம் என்று வெளியே வந்து எனக்கும் சொன்னாய். எழுதினாய். இப்போது எழுதின இடத்தில்தான் கழுத்து மாட்டியிருக்கிறது. தேவையில்லாத இடத்தில் திறந்த வாய், தேவைப்படும்போது முறத்தை எடுத்துக்கொண்டு ஓடுகிறது.

போன வாரம் சாப்பிடப் போன நேரத்தில் யாரோ பேட்டரியைத் திருடிப் போய்விட்டார்கள். அதிலிருந்து ஓட்டலுக்குள் உட்காருவதில்லை. வண்டி மேலேயே சாப்பிடுகிறேன், வண்டி மேலேயே படுக்கிறேன். சின்ன டயர் மேல் வண்டி தூக்கி நிற்பதைப் பார்த்துச் சந்தேகப்படுகிறார்கள் என்று கூடுதல் கமானிப் பட்டையையும் கழற்றிவிட்டேன். பார்க்க ரொம்பச் சாதுவாக நிற்கிறது. அதைப் பார்த்த இன்ஸ்பெக்டர், "புத்தகத்தில் இருப்பது இன்னொன்றும் போச்சா?" என்றார்.

காகிதம் வேண்டும். வேறு எதுவும் எழுத வேண்டாம்.

பச்சைமுத்து

*

புது டில்லி
1-4-1983

அண்ணா,

நீ எழுதியது எல்லாம் சரி. நான்தான் எழுத வைத்தேன். மறைக்காமல் சொன்னால் காப்பாற்றும் என்று நினைத்தேன்.

உன் கடிதம் வந்த மறுநாள் காலையில் ஐயாவிடம் கேட்டுவிட்டேன். துடைப்பத்தைக் கீழே வைத்துவிட்டுத்தான் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. "இது என் டிபார்ட்மெண்ட் இல்லையேம்மா" என்றார். பிறகு, "இதைக் கேக்கத்தானா இவ்வளவு நாளா என் நாற்காலியைச் சுத்தினே? நான் ஏதோ சம்பளம் ஏத்தக் கேக்கறியோன்னு பேப்பருக்குள்ள ஒளிஞ்சிட்டிருந்தேன்" என்றார். இங்கிலீஷில் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார்.

பஸ்ஸில் தனியாகவே அந்த ஆபீசுக்குப் போனேன். அதே கிளார்க். என்னை அடையாளம் தெரிந்துகொண்டார். சீட்டைப் படித்துவிட்டு, "காடி கஹாங் ஹை?" என்றார். வண்டி நாக்பூர் பக்கம் நிற்கிறது என்றேன். வண்டியை நேரில் பார்க்காமல் எதையும் பதிய முடியாதாம். வண்டியை அங்கிருந்து விடமாட்டேன் என்கிறார்களே என்றேன். அப்படியானால் புத்தகத்தில் இருக்கிறபடி பெரிய டயரையும் கமானியையும் திரும்ப மாட்டிக்கொண்டு வரட்டும், விட்டுவிடுவார்கள் என்றார். அப்படி மாட்டிக்கொண்டு வந்தால் முதல் எல்லையில் நிறுத்திவிடுவார்களே என்றேன்.

அவர் பேனாவை மூடி வைத்துவிட்டார். நான் சொன்னதில் தப்பு எங்கே என்று தேடுகிற மாதிரி என்னையே பார்த்தார். பிறகு பக்கத்து மேஜைக்காரரைக் கூப்பிட்டுச் சொன்னார். அவர் இன்னொருவரைக் கூப்பிட்டார். மூன்று பேரும் பேசினார்கள். முடிவில், "பேட்டி, கர் ஜாவ்" என்றார். வீட்டுக்குப் போ மகளே என்று சொல்கிறவரிடம் என்ன சண்டை போடுவது? வந்துவிட்டேன்.

காகிதம் கிடைக்காது அண்ணா. இன்னும் எழுதச் சொன்னால் எழுதுகிறேன், ஆனால் கிடைக்காது.

வேறு எதுவும் எழுத வேண்டாம் என்றாய். எழுதாமல் இருக்க முடியவில்லை. நேற்று அம்மா இருமியபோது துணியில் ரத்தம். பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனோம், மூக்கன் மேஸ்திரிதான் தோளில் தூக்கி வந்தார். படம் எடுத்துப் பார்த்துவிட்டு மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். புழுதிக்காற்று ஆரம்பித்துவிட்டது. கதவுக்குச் சாக்கு கட்டியிருக்கிறேன், அப்படியும் சோற்றில் மண் கடிபடுகிறது.

வண்டியை விட்டுவிட்டு ரயிலேறி வா. வண்டி போனால் போகட்டும். நான் கூட்டிப் போகிறேன் என்றால் அம்மா வரமாட்டேன் என்கிறது. "எம் மவன் வந்து முன்னால நின்னாத்தான் எந்திரிப்பேன். அங்க போயி யார் வூட்டுத் திண்ணையில நிக்கறது?" என்கிறது. நீ வந்து நின்றால் போதும்.

அருக்காணி

*

நாக்பூர் ரோடு
9-4-1983

கண்ணு,

போன கடிதத்தை மனசில் வைத்துக்கொள்ளாதே. வெயிலில் உட்கார்ந்து எழுதினது.

நீ அந்த ஆபீசில் பேசினதைச் சர்தார்ஜிக்குப் படித்துச் சொன்னேன். "உன் தங்கச்சியை வக்கீலுக்குப் படிக்க வைத்திருக்கலாம்" என்றார். ஏழாவதில் நிறுத்திவிட்டோம் என்று சொல்ல வாய் வரவில்லை.

வரச் சொல்கிறாய். எனக்கு மட்டும் ஆசை இல்லையா? இங்கே காவல் கிடையாது. எனக்கு முன்னால் நிறுத்தி வைத்திருந்த ஒரு லாரியைப் பார்க்கிறேன். டிரைவர் ஊருக்குப் போய் வருவதற்குள் சக்கரம், கண்ணாடி, சீட்டு, ஸ்டியரிங் எல்லாம் போய் எலும்பு மட்டும் நிற்கிறது. அவன் வந்து பார்த்துவிட்டு அப்படியே திரும்பிப் போனான். நம் வண்டியும் அப்படி ஆனால் அம்மாவை நான் எங்கே கூட்டிப் போவேன்? சேலத்தில் நமக்கு ஓட்டு வீடா இருக்கிறது? இந்த வண்டிதான் வீடு, இந்த வண்டிதான் நிலம். வெறுங்கையோடு வந்து அம்மா முன்னால் நின்றால், எழுந்திரு என்று எந்த வாயால் சொல்வது?

அடுத்த வாரம் ஒரு பெரிய ஆபீசர் வருகிறாராம். அவர் ஒரு கையெழுத்துப் போட்டால் போதும் என்று இன்ஸ்பெக்டரே சொன்னார். அவரும் பாவம், என்னைத் தினமும் பார்த்துப் பார்த்து அவருக்கே சலித்துவிட்டது. இத்தனை நாள் காத்தாயிற்று, இன்னும் ஒரு வாரம். கையெழுத்து ஆனதும் வண்டியைச் சேலத்தில் விட்டுவிட்டு நேராக டில்லிதான். அம்மாவிடம் அதுவரை மாத்திரையை விடாமல் சாப்பிடச் சொல். நான் கிளம்பிவிட்டேன் என்றே சொல்லிவிடு.

அண்ணன்

*

புது டில்லி
24-4-1983

அண்ணா,

தந்தி கிடைத்திருக்கும். கிடைத்ததா என்று தெரியவில்லை.

அம்மா 21-ம் தேதி விடியற்காலையில் போனது. அப்போதே மூக்கன் மேஸ்திரி தந்தி கொடுக்க ஓடினார். நீ கிளம்பிவிட்டாய் என்று நான் அம்மாவிடம் சொல்லியிருந்தேன். நீதான் சொல்லச் சொன்னாய். அதனால் எல்லாரும், "மவன் வழியில வந்துட்டிருப்பான், வெச்சிருப்போம்" என்றார்கள். கிளம்பவில்லை, அது பொய் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். அத்தனை பேர் நடுவில் என்னால் சொல்ல முடியவில்லை. அன்று பகல் முழுக்க வைத்திருந்தார்கள், மறுநாள் மதியம் வரைக்கும் வைத்திருந்தார்கள். பக்கத்துக் குடிசைக் கோவிந்தம்மாள் அக்கா ஐஸ் பாறை வாங்கி வந்து சாக்கில் சுற்றி வைத்தார். இந்த வெயிலில் அது எவ்வளவு நேரம் நிற்கும்? அம்மாவைச் சுற்றித் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. நான் துடைத்துக்கொண்டே இருந்தேன்.

அப்புறம் பெரியவர்கள் பேசி, மூக்கன் மேஸ்திரி கொள்ளி வைத்தார். அவருக்கும் அம்மாவுக்கும் ஒரே ஊர் என்பதைத் தவிர வேறு உறவு இல்லை. குளித்துவிட்டு வந்து, "உங்க அண்ணன் வந்தா எம் மேல கோவிச்சுக்குவானா புள்ள?" என்று என்னைக் கேட்டார்.

நம்மில் பெண்கள் சுடுகாட்டுக்குப் போவதில்லை. நான் போனேன். அங்கே இந்தியில் எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது, வந்தவர்களில் எழுதத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். இறந்தவர் பெயர் கேட்டார்கள். செல்லம்மாள் என்று எழுதினேன். மகன் பெயர் கேட்டார்கள். எழுதினேன். வந்திருக்கிறாரா என்று கேட்டார்கள்.

அம்மா கடைசியில் என்ன சொன்னது என்று நீ கேட்பாய். ஒன்றும் சொல்லவில்லை. மூச்சு வாங்குவதற்கே அதற்கு நேரம் போதவில்லை.

அருக்காணி

*

நாக்பூர் ரோடு
5-5-1983

அருக்காணி,

தந்தி அன்று சாயங்காலமே என் கைக்கு வந்துவிட்டது. உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன்.

சர்தார்ஜி வண்டியைப் பார்த்துக்கொள்கிறேன், நீ போ என்று கழுத்தைப் பிடித்துத் தள்ளினார். நாக்பூர் ஸ்டேஷன் வரைக்கும் போனேன். டில்லி வண்டி வந்தது. பெட்டிக் கம்பியைப் பிடித்துவிட்டேன். அந்த நேரத்தில் மனசில் அம்மா முகம் வரவில்லை. அந்த எலும்பு லாரிதான் வந்தது. கையை எடுத்துவிட்டேன். திரும்பி வந்தபோது வண்டி அப்படியே இருந்தது. ஒரு திருகுகூடப் போகவில்லை.

பெரிய ஆபீசர் நேற்றுத்தான் வந்தார். நல்ல மனிதர். உட்காரச் சொல்லித்தான் பேசினார். முதல் எல்லையில் செய்தது சரி, இங்கே நிறுத்தினதும் சரி, டில்லியில் சொன்னதும் சரி என்றார். "எல்லாரும் சரியா சாப்?" என்றேன். "நீயும் சரிதான். ஆனால் இந்தப் புத்தகத்துக்கு உரிய வண்டி இப்போது எங்கும் இல்லை" என்றார். ஓட்டிப் போக முடியாது. பிரித்து இரும்பு எடைக்குப் போட்டுக்கொள்ளலாம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்.

பிரித்துக்கொண்டிருக்கிறேன். முடிந்ததும் டில்லிக்கு வருகிறேன். அம்மாவின் சாம்பலை எங்கேயும் விட்டுவிடாதே. பவானிக்குக் கொண்டு போய் நான்தான் கரைக்க வேண்டும். அது ஒன்றாவது செய்கிறேன். எனக்காக வைத்திரு. கொஞ்ச நாள்தான்.

பச்சைமுத்து

*

பவானி
29-5-1983

அண்ணா,

உன் கடிதம் வந்தபோது அம்மாவின் சாம்பல் பானை சுடுகாட்டுக் கொட்டகையில் தொங்கிக்கொண்டிருந்தது. அங்கே வெகுநாள் வைக்க விடுவதில்லை. கோவிந்தம்மாள் அக்கா வீட்டில் மருமகள் பிள்ளைத்தாச்சி, அங்கே வைக்க முடியாது. நம் குடிசை வரிசையைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள், ஜமுனைக்கு அந்தப் பக்கம் எங்கேயோ இடம் கொடுக்கிறார்களாம். கொஞ்ச நாள் என்று நீ எழுதியதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அம்மாவும் அதைத்தான் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

மூக்கன் மேஸ்திரி ஆட்கள் சிலர் வேலை முடிந்து ஊருக்குக் கிளம்பினார்கள். நானும் வருகிறேன் என்று அவர்களிடம் போய்க் கேட்டேன். யாரும் பக்கத்தில் நிற்கவில்லை, நானேதான் கேட்டேன்.

பானைக்குத் துணி கட்டி மடியில் வைத்துக்கொண்டேன். எந்த ராஜ்யம் எங்கே முடிந்தது, எது எங்கே ஆரம்பித்தது என்று ரயிலில் தெரியவே இல்லை. ஸ்டேஷன் பலகையில் எழுத்து மட்டும் மாறிக்கொண்டே வந்தது. நாக்பூரில் வண்டி நின்றது. நான் வருவது உனக்குத் தெரியாது என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் ஜன்னல் வழியாக ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். தண்ணீர் பிடிக்க இறங்கியவர்கள் உனக்கு ஏதாவது சொல்லி அனுப்ப வேண்டுமா என்று கேட்டார்கள். வேண்டாம் என்றேன்.

பவானியில் எனக்கு யாரையும் தெரியாது. நம் ஊரிலும் யாரையும் தெரியாது. ஓமலூர்ப் பக்கம் போனால் சொந்தம் என்று யாராவது இருப்பார்களாம். யாரென்று அம்மாவைக் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. நாளைக்கு மறுபடி ரயிலேறுகிறேன். சந்திரம்மாள் அம்மா வேறு ஆள் வைக்காமல் இருந்தால் அங்கேயே சமையலறையில் படுத்துக்கொள்ளலாம். அவர் அப்படிச் சொல்லவில்லை, நான்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

உன் மேல் எனக்குக் கோபம் இல்லை. கோபம் இருந்தால் நன்றாக இருக்கும். அதை வைத்துக்கொண்டாவது உன்னை நினைக்கலாம்.

கிளம்பும்போது மூக்கன் மேஸ்திரி, "எல்லாத்தையும் கரைச்சிராத புள்ள, உங்க அண்ணனுக்குன்னு ஒரு பிடி முடிஞ்சு வெய்யி" என்று சொல்லி அனுப்பினார். அதற்காகச் சேலை முந்தானையைக் கிழித்துத் துணியும் எடுத்து வைத்திருந்தேன். படியில் இறங்கி இடுப்பளவு தண்ணீரில் நின்று பானையைச் சாய்த்தேன். கொஞ்சம் சாய்த்து நிறுத்தலாம் என்றுதான் சாய்த்தேன். தண்ணீர் புகுந்த வேகத்தில் பானை அடி மணலில் இறங்கி, சாம்பலெல்லாம் ஓடிவிட்டது. கையை விட்டுப் பார்த்தேன். பானைக்குள் ஆற்று மணல்தான் இருந்தது.

அருக்காணி